ரேங்க் கார்டை லேமினேட் செய்ய வேண்டாம்

ஆசிரியருக்கு,

வணக்கம். பாடம் நடத்திய ஆசிரியர்களை நினைத்து வாசகர்கள் உங்கள் இதழில் எழுதிய பக்கத்தை நெகிழ்ச்சியோடு படித்தேன். உடன் வெளியான பழைய ரேங்க் கார்டுகள் பல லேமினேட் செய்யப்பட்டிருந்ததுதான் மனதுக்கு வருத்தம்.

மதிப்பெண் பள்ளிப் பதிவேட்டிலும் ஏறியிருக்கும். ஆனால் அரையாண்டுக்கு எதிரே வகுப்பாசிரியர் கைப்பட எழுதிய ‘கணக்கில் கவனம் போதாது, கட்டுரை நன்று’ என்ற வரியும், அதன் கீழே அப்பா வைத்த கைநாட்டும் அந்த அட்டையில் மட்டுமே உண்டு.

லேமினேஷன் சூட்டில் உருகும் பசை காகித இழைக்குள் இறங்கிவிடும். பிறகு பிரித்தால் எழுத்தும் சேர்ந்து உரியும். காகிதத்திலுள்ள அமிலம் உள்ளேயே அடைபடுவதால் அட்டை பழுப்பதும் நிற்காது. ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டுவதும் கெடுதல்தான். வெளிச்சத்தில் முதலில் மங்குவது சிவப்பு மை. 35-க்குக் கீழே போன மதிப்பெண்ணை ஆசிரியர் அடிக்கோடிட்டது அந்த மையில்தானே! ஊதா ரப்பர் ஸ்டாம்பும் வெளிச்சம் தாங்காது.

துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை இழுக்காமல், பின்பக்கம் அதன் கால்களை நிமிர்த்தி எடுங்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டினால் பசை மஞ்சளாகிக் கறை பிடிக்கும். ஈரத்துணி பட்டால் பேனா மை கரைந்து ஓடும். தூசி தட்ட மெல்லிய பிரஷ் போதும். பிறகு காலை வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், பெற்றோர் கையெழுத்துப் பக்கம் உட்பட எல்லாப் பக்கங்களையும் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

வழுவழுப்பான பி.வி.சி. பிளாஸ்டிக் உறை பால்பாயிண்ட் மையை இழுத்துக்கொள்ளும். அமிலமில்லாத காகித உறை நல்லது. கிடைக்காவிட்டால் துவைத்த பருத்தித் துணி போதும், ஆனால் கஞ்சி போட்டதாக இருக்கக் கூடாது. கஞ்சிக்கு ராமபாணப் பூச்சி வரும். வசம்பைத் தனி முடிச்சாகக் கட்டி, அட்டையில் படாமல் பக்கத்தில் வைக்கலாம். மதுரைச் சித்திரை வெயிலில் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் பரண் கொதிக்கும். ஐப்பசி மழையில் வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் ஈரம் ஏறும். உள்ளறை அலமாரியின் நடுத்தட்டுதான் சரியான இடம்.

ஆசிரியரின் பெயர், பாடம், வகுப்பு, ஆண்டு ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள். அட்டையிலுள்ள சுருக்கொப்பம் யாருடையது என்று பேரப்பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

ஏற்கெனவே லேமினேட் செய்துவிட்டவர்கள் அதைப் பிரிக்கவோ ஓரத்தை வெட்டவோ முயல வேண்டாம். படமெடுத்துவிட்டு, வெளிச்சம் படாத இடத்தில் அப்படியே வையுங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்