லோரி டயர்ல பட்டன் இருந்தா மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் இங்க சிங்கப்பூர்ல துவாஸ் பக்கம் ஒரு பதினாலடி லோரி பக்கத்துல என் லோரிய நிப்பாட்டியிருந்தேன். வெளிய இருந்து பாத்தா டயர் எல்லாம் பாலிஷ் போட்டு கருகருன்னு இருக்கு, பட்டனும் (ரோட்டுல படுற மேல் ரப்பர் வரி) பாதிக்கு மேல இருக்கு, ஆனா குனிஞ்சு கைபேசி லைட்ட அடிச்சு பின்னாடி உள் டயர பாத்தா சைடுல சுத்திவர வெடிப்பு, கட்டை விரல் நகத்த வச்சா உள்ள போகுது. பின்னாடி நம்ம ஊரு பிள்ளைங்க டார்மிட்டரிக்கு (தொழிலாளர் விடுதிக்கு) போக ஏறி உக்காந்துட்டாங்க. டிரைவர் தம்பிகிட்ட சொன்னா "பட்டன் இருக்குதேண்ணே, இன்ஸ்பெக்‌ஷன் வேற பாஸ் ஆயிடுச்சு, முதலாளி டயர மாத்த மாட்டாரு"ன்னு சொல்றாரு. அவர குத்தம் சொல்லி என்ன ஆகப்போகுது, இங்க முக்கால்வாசி பேரு அப்படித்தான் நெனைக்கிறாங்க.

பட்டன் 1.6 மில்லிமீட்டருக்கு கீழ போகக்கூடாதுங்கிறது சட்டம், சரி. ஆனா பட்டன் தேயிறது வேற, ரப்பர் கெழடாகிறது வேற. டயர் ரப்பர்ல ஒரு வகை மெழுகும் மருந்தும் கலந்திருப்பாங்க, வண்டி ஓடி டயர் நெளிய நெளிய அது மேல கசிஞ்சு வந்து காத்துல இருக்கிற ஓசோன்ல இருந்து ரப்பர காப்பாத்தும். வண்டிய வெயில்ல போட்டு வச்சா அது சரியா வெளிய வராது. அதனால "அதிகம் ஓடாத லோரிதானே"ன்னு சொல்றத நான் ஒத்துக்கவே மாட்டேன், நிக்கிற லோரி டயர்தான் பட்டன் தேயாமலே சீக்கிரம் வெடிப்பு விடும். வெடிப்பு ஆழமானா தண்ணி உள்ள இறங்கி ஸ்டீல் கம்பி துருப்பிடிக்கும், அதுக்கு மேல காத்தும் கம்மியா இருந்து பிஐஇ விரைவுச்சாலைல லோடோட போனா சூடேறி பட்டன் பட்டையே உரிஞ்சு வந்துடும்.

டயருக்கு எத்தன வயசுன்னு பாக்குறது கஷ்டமே இல்ல. சைடுல டிஓடின்னு (DOT) ஆரம்பிக்கிற எழுத்து வரிசையோட கடைசில 4 நம்பர் இருக்கும். 3414ன்னு இருந்தா 2014ம் வருஷம் 34வது வாரம் செஞ்சது. சில டயர்ல இது ஒரு பக்கம்தான் முழுசா இருக்கும், வெளிய இல்லன்னா உள்பக்கம் பாக்கணும், ரெட்ட டயரா இருந்தா கழட்டாம தெரியாது, அடுத்த சர்வீஸ்ல கழட்டும்போது பாத்து எழுதி வச்சுக்கலாம். 4க்கு பதிலா 3 நம்பர் இருந்தா அது 2000க்கு முந்தின டயர், அத பத்தி பேசவே வேணாம். ஸ்பேர் டயரையும் மறக்காதீங்க, சிஓஇ (வண்டி வச்சிருக்க வாங்குற அனுமதி) ரினியூ பண்ணி ஓட்டுற பழைய லோரில ஸ்பேர் பல சமயம் வண்டியோட வந்ததாவே இருக்கும். ரீட்ரெட் டயரா இருந்தா மேல பட்டன்தான் புதுசு, சைடு பழைய உடம்புதான்.

மேலாப்புல முடி மாதிரி கோடு இருந்தா உடனே பயப்பட வேணாம், கவனிச்சுக்கிட்டே இருங்க. நகம் உள்ள போனா, காடிக்கு அடியில வெடிச்சிருந்தா, ரிம் ஓரத்துல வெடிப்பு இருந்தா, நூலோ கம்பியோ தெரிஞ்சா, எங்கயாவது பொடச்சிருந்தா அன்னைக்கே மாத்தணும். 5 வருஷம் ஆயிட்டா வருஷா வருஷம் தெரிஞ்சவர்கிட்ட காட்டுங்க, 10 வருஷம் ஆச்சுன்னா பாக்க நல்லா இருந்தாலும் தூக்கிடுங்கன்னு பெரிய டயர் கம்பெனிங்களே சொல்லுது. இங்கிலாந்துல 2012ல ஒரு கோச் பஸ் முன் டயர் வெடிச்சு 3 பேரு செத்தாங்க, அந்த டயருக்கு வயசு 19க்கு மேல. பட்டன் நல்லாத்தான் இருந்துச்சாம். அப்புறம் 2021 பிப்ரவரில இருந்து அங்க லோரி, பஸ் முன் டயர் 10 வருஷத்த தாண்டக்கூடாதுன்னு சட்டமே போட்டுட்டாங்க. இங்கயும் அப்படி ஒண்ணு வரணும், அதுவும் ஆள் ஏத்துற லோரிக்கு எல்லா டயருக்கும் வரணும்ங்கிறது என் கருத்து. இன்ஸ்பெக்‌ஷன் வருஷத்துக்கு ஒருக்கா, 10 வருஷம் தாண்டின லோரிக்கு 6 மாசத்துக்கு ஒருக்கா, நடுவுல இருக்கிற நாளெல்லாம் டிரைவர் கண்ணுதான்.

டிரைவர் தம்பிங்களுக்கு ஒண்ணு சொல்றேன், பாஸ்கிட்ட வாயால மட்டும் சொல்லாதீங்க, வெடிப்பையும் அந்த 4 நம்பரையும் போட்டோ எடுத்து வாட்சப்ல அனுப்பி வைங்க, தேதியோட அங்கயே இருக்கும். உங்க பேப்பர்லயும் அந்த நம்பர் டயர்ல எந்த எடத்துல இருக்கும்னு ஒரு படம் போட்டீங்கன்னா டார்மிட்டரில அத வெட்டி ஒட்டி வைக்க நாங்க ரெடி.

இப்படிக்கு,
ஒரு லோரி ஓட்டுநர்,
ஜூரோங் வெஸ்ட்