பாடியவர் பெயரோடு வாசித்தவர் பெயரும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இசைப் பக்கத்தை விடாமல் படித்து வருபவன் என்ற உரிமையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். மேற்கத்திய பாப், ராக் பாடல்களைப் பற்றி அப்பக்கத்தில் வரும் கட்டுரைகளில் பாடகரின் வாழ்க்கை இருக்கிறது, குழுவுக்குள் நடந்த சண்டை இருக்கிறது, எத்தனை பிரதிகள் விற்றன, தரவரிசையில் எத்தனை வாரங்கள் நின்றது என்ற கணக்கும் இருக்கிறது; பாட்டைத்தான் காணோம். அந்தப் பாட்டின் எந்த இடத்தில் கேட்பவருக்கு மெய்சிலிர்க்கிறது, அந்த இடத்தை வாசித்தவர் யார், பாடியவர் யார், அது எப்படி அமைந்தது என்பதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. நான் உயிராக நேசிக்கும் பாடல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கும்போது, என்னைக் கட்டிப்போட்ட இடம் பெரும்பாலும் இசைத்தட்டின் உறையில் பெரிய எழுத்தில் பெயர் போட்டுக்கொண்ட கலைஞருடையதாக இருப்பதில்லை. கூலிக்கு அழைக்கப்பட்டு, சில மணி நேரம் பாடியோ வாசித்தோ விட்டுப் போன ஒருவருடையதாகவே அது இருக்கிறது. அந்தப் பெயர்களைத் தாங்கள் அச்சிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 1969இல் வெளியிட்ட ‘கிம்மி ஷெல்டர்’ பாடலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மிக் ஜாகரின் குரலுக்குச் சமமாக ஒரு பெண்குரல் அதில் ஒலிக்கிறது. நடுவில் அக்குரல் தனித்து மேலேறி, வன்முறை வாசலில் வந்து நிற்பதைச் சொல்லும் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறது; உச்சத்துக்குப் போகும்போது குரல் தாங்காமல் பிளக்கிறது. அது பிளக்கும் கணத்தில், காதைக் கூர்மையாக்கிக் கேட்டால், பின்னால் ஜாகர் தன்னை மறந்து கூவுவது மெல்லிதாகக் கேட்கும். பாடியவர் மெர்ரி கிளேட்டன். லாஸ் ஏஞ்சலிஸில் இரவு வெகுநேரம் கழித்துத் தொலைபேசியில் அழைக்கப்பட்டு, கர்ப்பிணியாக இருந்த நிலையில், தலைமுடியில் சுருள்களைக்கூடக் கழற்றாமல் வந்து பாடிக்கொடுத்துவிட்டு வீடு திரும்பியவர் அவர். அந்த இசைத்தட்டு முதலில் வெளிவந்தபோது உறையில் அவருடைய பெயரையே ‘மேரி’ என்று தவறாக அச்சிட்டிருந்தார்கள். ராக் இசையில் பதிவான மிகச் சிறந்த பாட்டுக் கணங்களுள் ஒன்று என்று நான் நினைக்கும் இடத்துக்கு உரியவருக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ‘த கிரேட் கிக் இன் த ஸ்கை’ இதனினும் வியப்பானது. ரிச்சர்ட் ரைட்டின் பியானோ அமைதியாகத் தொடங்குகிறது. பிறகு ஒரு பெண்குரல் சொல் எதுவும் இல்லாமல் கதறுகிறது, கெஞ்சுகிறது, களைத்து அடங்குகிறது. பாடல் மரணத்தைப் பற்றியது என்று யாரும் சொல்லாமலே அது நமக்கு விளங்கிவிடுகிறது. 1973 ஜனவரியில் லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவுக்கு கிளேர் டோரி என்ற இளம் பாடகியை அழைத்தவர் ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆலன் பார்சன்ஸ். பாடுவதற்கு வரிகள் இல்லை, மெட்டும் இல்லை. என்ன செய்வது என்று திகைத்த அவர், தன் குரலையே ஓர் இசைக்கருவியாக நினைத்துக்கொண்டு சில முறை பாடினார். 30 பவுண்டு வாங்கிக்கொண்டு, இதைப் பயன்படுத்தவே மாட்டார்கள் என்ற எண்ணத்தோடு வெளியேறினார். பின்னர் கடையில் அந்த இசைத்தட்டின் உறையில் தன் பெயரைப் பார்த்துத்தான், தான் பாடியது அதில் இடம்பெற்றிருப்பதை அறிந்தார். ஆனால் பாடியவர் என்ற குறிப்பு வேறு, படைத்தவர் என்ற உரிமை வேறு. 2004இல் அவர் வழக்குத் தொடுத்தார். 2005இல் நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாடு ஏற்பட்டது. அதற்குப் பிறகு வந்த பதிப்புகளில், ரைட்டின் பெயரோடு, குரலுக்கான இசையமைப்பு கிளேர் டோரியுடையது என்ற குறிப்பும் சேர்ந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கோடிக்கணக்கானோர் கேட்டுக் கலங்கிய அந்த மெட்டைப் படைத்தவர் என்று அவரை ஏற்றுக்கொள்ள ஒரு வழக்கு தேவைப்பட்டது. தங்கள் இசைப் பக்கத்தில் அந்த இசைத்தொகுப்பைப் பற்றி எழுதும்போது முப்பட்டகமும் வானவில்லும் கொண்ட அட்டைப்படத்தின் புகழைப் பாட இடம் இருந்தது. இவரைப் பற்றி எழுத இடம் இருக்கவில்லை.

பாப் டிலனின் ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ பாடலில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஆர்கன் ஒலி. 1965 ஜூன் மாதம் நியூயார்க்கில் நடந்த அந்த ஒலிப்பதிவைப் பார்ப்பதற்காக வந்திருந்தவர் அல் கூப்பர், 21 வயதுக் கிதார் கலைஞர். மைக் புளூம்ஃபீல்டு கிதாரை எடுத்து வாசித்ததைக் கேட்டதும், தனக்கு அங்கே வேலை இல்லை என்று ஒதுங்கிக்கொண்டார். ஆர்கன் வாசித்தவர் பியானோவுக்கு மாறியதும், யாரும் அழைக்காமலே ஆர்கன் முன்னால் போய் அமர்ந்தார். அடுத்து எந்தச் சுரக்கூட்டு, அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரங்களின் தொகுதி, வரும் என்று உறுதியாகத் தெரியாததால், மற்றவர்கள் வாசிக்கக் கேட்டுவிட்டு ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில் பின்தொடர்ந்தார். அந்தத் தயக்கம்தான் பாடலுக்கு அலைபோல எழுந்து விழும் தன்மையைக் கொடுத்திருக்கிறது. பதிவைப் போட்டுக் கேட்டபோது, ஆர்கன் ஒலியைக் கூட்டும்படி டிலன் சொன்னார். கூப்பர் ஆர்கன் வாசிப்பவரே அல்லர் என்று தயாரிப்பாளர் டாம் வில்சன் சொல்லியும் டிலன் கேட்கவில்லை. டிலனின் சொல்லாற்றலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆயினும் அந்தப் பாட்டை மறுபடி மறுபடி கேட்கத் தூண்டுவதில் கூப்பரின் விரல்களுக்கும் பங்கு உண்டு.

தாளத்துக்கு வருகிறேன். ரோனெட்ஸ் குழுவின் ‘பி மை பேபி’ 1963இல் வெளிவந்தது. குரல் வருவதற்கு முன்பே, மூன்று கனத்த அடிகளும் ஓர் ஓங்கிய அறையுமாக டிரம்ஸ் தொடங்குகிறது. அந்த நான்கு அடிகளைக் கேட்டமாத்திரத்தில் பாட்டு இன்னதென்று தெரிந்துவிடும். அதை வாசித்தவர் ஹால் பிளேன். சைமன், கார்ஃபங்கல் இருவரும் 1970இல் வெளியிட்ட ‘பிரிட்ஜ் ஓவர் டிரபிள்டு வாட்டர்’ பாடலின் இறுதியில் இடிபோல எழும் டிரம்ஸும் அவருடையதுதான். முன்னது காதல் துள்ளல், பின்னது ஏறக்குறைய வழிபாடு. இரண்டையும் ஒரே கை வாசித்திருக்கிறது என்பதை அறிந்த பிறகு, இரண்டு பாடல்களையுமே நான் வேறு விதமாகக் கேட்கிறேன். இந்தப் பின்னைய பாடலைப் பால் சைமன் கிதாரில்தான் அமைத்தார். அதற்குத் தேவாலயப் பாடலின் சாயலைக் கொடுத்தது லாரி நெக்டலின் பியானோ. ஆர்ட் கார்ஃபங்கல் வாயைத் திறப்பதற்கு முன்னால் பியானோ நம்மை உட்காரவைத்துவிடுகிறது.

டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்காக, தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பேஸ் கிதாரை வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனையும் குறிப்பிட்டே ஆகவேண்டும். வலக்கையின் ஒற்றை விரலால் தந்தியை மீட்டியவர் அவர். அறுபதுகள் முழுவதும் அந்நிறுவனத்தின் வெற்றிப் பாடல்களுக்கு அடித்தளமாக இருந்தும், மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ 1971இல் வரும் வரையில் அவருடைய பெயரோ சக வாத்தியக் கலைஞர்களின் பெயரோ அந்நிறுவனத்தின் முக்கிய இசைத்தட்டு எதன் உறையிலும் இடம்பெறவில்லை. அந்தப் பாடலை பேஸை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை கேட்டுப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். குரலுக்கு அடியில் இன்னொரு பாட்டே ஓடிக்கொண்டிருப்பது தெரியும்.

சில பாடல்களில் அந்தக் கை வெளியிலிருந்து வந்த கலைஞருடையதாக இருப்பதில்லை. ஒலிப்பதிவு அறையே கருவியாகிவிடுகிறது. டென் சிசி குழுவின் ‘ஐம் நாட் இன் லவ்’, 1975ஆம் ஆண்டுப் பாடல், நான் மிக அதிகமாகக் கேட்ட பாடல்களுள் ஒன்று. பின்னணியில் பனிமூட்டம் போலப் பரவி நிற்கும் கூட்டுக்குரலைப் பெரிய பாடகர் குழு பாடியிருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். உண்மையில் குழுவினர் மூன்று பேர் ஒரே சுரத்தை நீட்டி 16 முறை பாடினார்கள். ஒரு சுரத்துக்கு 48 குரல்கள் சேர்ந்தன. இப்படியே 13 சுரங்களுக்குப் பதிவு செய்து, ஒவ்வொன்றையும் முடிவில்லாமல் சுழலும் டேப் வளையமாக்கினார்கள். மொத்தம் 624 குரல்கள். பிறகு ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் ஃபேடர்களை ஆளுக்குச் சிலவாகக் கையில் எடுத்துக்கொண்டு, பாட்டின் போக்குக்கு ஏற்ப ஏற்றியும் இறக்கியும், ஒலிப்பதிவு மேசையையே வாசித்தார்கள். எந்த ஃபேடரும் முழுவதுமாகக் கீழே இறங்கிவிடாதபடி அடியில் ஒட்டுநாடாவைக் குறுக்கே ஒட்டிவைத்தார்கள். அதனால்தான் எல்லாச் சுரங்களும் எப்போதும் மெல்லிய மூச்சாகப் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. நடுவில் வந்து அழக்கூடாது என்று ரகசியக் குரலில் சொல்பவர் நடிகையோ பாடகியோ அல்லர். அந்த ஸ்டூடியோவின் அலுவலகத்தில் வேலை பார்த்த கேத்தி ரெட்ஃபெர்ன். காதல் இல்லை என்று சாதிக்கும் ஒருவனின் பாட்டு இது. வார்த்தைகள் மறுக்கின்றன, அவனைச் சுற்றி நிற்கும் அந்த 624 குரல்கள் உண்மையைச் சொல்லிவிடுகின்றன. எப்படிச் செய்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பாட்டின் பொருளை முழுமையாகப் பேசிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பீட்டில்ஸ் குழுவின் ‘ஸ்டிராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ பாடலும் இவ்வகையே. வெவ்வேறு சுருதியிலும் வேகத்திலும் இருந்த இரண்டு பதிவுகளை, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவுப் பொறியாளர் ஜெஃப் எமரிக்கும் டேப்பின் வேகத்தை மாற்றி ஒட்டினார்கள். தொடங்கி ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அந்த ஒட்டு வருகிறது. ஜான் லெனனின் குரல் அங்கிருந்து கனவுக்குள் இறங்குவது போலச் சற்றுக் கனத்துவிடுகிறது.

பாட்டு பிடித்திருந்தால் போதாதா, யார் வாசித்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ரசனைக்கு அறிவு முன்நிபந்தனை இல்லை என்பதை நானும் ஏற்கிறேன். எந்தப் பெயரும் தெரியாமல்தான் இந்தப் பாடல்கள் எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தன. ஆனால் பெயர் தெரிந்த பிறகு காது விரிகிறது. டிரேசி சாப்மனின் ‘ஃபாஸ்ட் கார்’ பாடலை நெடுங்காலம் ஒரே ஒரு பெண்ணும் ஒரே ஒரு கிதாரும் மட்டுமே இருக்கும் பாட்டாகக் கேட்டேன். வறுமையிலிருந்து தப்பிக்கத் துடிக்கும் ஒருத்தியின் கதைக்கு அந்தச் சிக்கனம் பொருந்தியது. அதில் டெனி ஃபாங்ஹைசரின் டிரம்ஸும் லாரி கிளைனின் பேஸும் இருக்கின்றன என்று படித்த பிறகுதான், அவர்கள் எவ்வளவு பொறுத்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்தேன். சரணங்களில் கதையைக் கிதாரிடமே விட்டுவிட்டு, வேகமாகப் போன அந்த இரவை அவள் நினைவுகூரும் இடத்தில் டிரம்ஸ் முழு வலிமையோடு எழுகிறது; நினைவு முடிந்ததும் பழையபடி அடங்கிவிடுகிறது. வாசிக்காமல் காத்திருப்பதும் இசைக் கலைஞரின் வேலைதான் என்பதை எனக்குக் காட்டியது அந்தப் பாடல்.

இசைத்தட்டின் உறை இருந்த காலத்தில், கேட்டுக்கொண்டே பின்பக்கத்தைத் திருப்பிப் பெயர்களைப் படிக்க முடிந்தது. இன்று கைப்பேசிச் செயலிகளில் கட்டைவிரல் அளவுப் படமும் பாடகரின் பெயருமே கண்ணில் படுகின்றன. மற்றவர்களைத் தேட வேண்டுமானால் இரண்டு மூன்று பட்டியல்களுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது, அங்கும் பல நேரங்களில் வாத்தியக் கலைஞர்கள் இருப்பதில்லை. எனவே இந்த வேலை நாளிதழ்களின் பொறுப்பாகிறது என்று கருதுகிறேன். ஹால் பிளேனும் ஜேம்ஸ் ஜேமர்சனும் 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில், பக்கவாத்தியக் கலைஞர்களுக்கென்றே அவ்வாண்டு தொடங்கப்பட்ட பிரிவில் சேர்க்கப்பட்டார்கள். ஜேமர்சன் அப்போது உயிரோடு இல்லை, 1983இலேயே மறைந்துவிட்டார்.

தாங்கள் செய்யக்கூடியது பெரிய காரியம் எதுவும் இல்லை. ஒரு பாடலைப் பற்றிக் கட்டுரை வரும்போது, அதன் அடியில் வாத்தியக் கலைஞர்கள், துணைக்குரல் பாடியவர்கள், ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆகியோரின் பெயர்களை இரண்டு வரிகளில் தந்தால் போதும். கட்டுரையாளர்கள் பாட்டில் தமக்குப் பிடித்த இடத்தை, தொடங்கி எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்பதோடு எழுதினால், வாசகர்களும் அந்த இடத்தைத் தேடிக் கேட்பார்கள். வாத்தியக் கலைஞர் ஒருவர் மறையும்போது, அவர் யாருக்கெல்லாம் வாசித்தார் என்ற பட்டியலோடு நிறுத்திவிடாமல், என்ன வாசித்தார் என்பதையும் எழுதுங்கள். முதல் கட்டுரையை மெர்ரி கிளேட்டனைப் பற்றி வெளியிட்டால் மிகவும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் இசைப் பக்கத்தின் வாசகன்