ரவை மணியும் தவளையும்

அம்பாசமுத்திரம்,
ஐப்பசி 18

அன்புள்ள சங்கரா,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. லீவில் வந்த இடத்தில் அம்மாவுக்குச் சர்க்கரை ஏறி இறங்கிப் பாடாய்ப் படுத்திவிட்டது. இப்போது தேவலை. ஆற்றிலும் வெள்ளம் வடிந்து, படித்துறையில் நாலு படி தெரிகிறது.

"இருவது வருசமா பெப்டைடு பெப்டைடுங்கியே, நிபாவுக்கு ஒரு மருந்து உண்டா டே?" என்று கேட்டிருந்தாய். நிபா வைரஸ் வந்து போகிற கேரளத்தின் எல்லையில், புளியரைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவன் கேட்கத்தான் செய்வான். இன்னும் இல்லை.

அம்மாவுக்கு ஊசி போடும்போதெல்லாம் அதற்கு ஒரு காரணம் கைக்குள்ளேயே இருக்கிறது. பெப்டைடு என்றால் அமினோ அமிலங்களைக் கோர்த்த சரம். இன்சுலினும் 51 அமினோ அமிலம் கோர்த்த பெப்டைடுதான். விழுங்கினால் வயிற்றுக்கு அதுவும் உளுந்தவடையும் ஒன்று, செரித்துத் தீர்த்துவிடும்.

வைரஸ் செல்லுக்குள் நுழைய, அதன் மேலுள்ள புரதம் ஊக்கு மாதிரி மடங்கிப் பூட்ட வேண்டும். ஊக்கின் ஒரு பாதியை நாமே செய்து முந்தி மாட்டிவிட்டால் பூட்டாது. எச்.ஐ.வி.க்கு 2003-இல் வந்த என்ஃபுவிர்டைடு என்கிற பெப்டைடு மருந்து இந்த வித்தைதான். பலித்தது. ஆனால் தினம் இரண்டு ஊசி, குத்தின இடமெல்லாம் தடிப்பு. நல்ல மாத்திரைகள் வந்ததும் ஓரங்கட்டிவிட்டார்கள்.

செய்கிற பாட்டையும் கேள். ரெசின் என்கிற பிளாஸ்டிக் மணி ரவை மாதிரி இருக்கும், கரைப்பான் ஊற்றினால் ஊறி உப்பும். அதில் அமினோ அமிலத்தை ஒவ்வொன்றாகக் கட்ட வேண்டும். என்ஃபுவிர்டைடுக்கு 36. ஒவ்வொரு முடிச்சும் நூற்றுக்கு 99 சரியாக விழுந்தாலும், முழுச் சரமாக வருவது 70 தான். மிச்சமெல்லாம் அரைகுறை, பிரித்து எடுப்பதற்குள் உயிர் போய்விடும். போன மாசம் 29-ஆவது முடிச்சில் ராத்திரி கரண்ட் போய், ஜெனரேட்டரும் கைவிட்டு, மொத்தமும் கழிவு டப்பாவுக்குப் போனது. அன்று நான் சாப்பிடவில்லை.

நிபாவுக்கும் அதே ஊக்குதான். பெப்டைடின் நுனியில் கொலஸ்டிராலை வாலாக ஒட்டினால் சீக்கிரம் கரைந்து போகாமல் செல்சவ்வில் பிடித்து நிற்கும். ஹாம்ஸ்டர் எலிகளையும் சில குரங்குகளையும் அப்படிக் காப்பாற்றியிருக்கிறார்கள். மனுசனுக்கு வரப் பணம் வேண்டுமே! 2018-இல் கோழிக்கோட்டுப் பக்கம் 17 பேர் செத்தார்கள். இவ்வளவு கொஞ்சப் பேருக்காக எந்தக் கம்பெனி கோடிகளை இறக்கும்? எனக்கு வேதியியலைவிட இந்தக் கணக்குதான் எரிச்சல்.

ஒரு நல்ல சேதி. தென்னிந்தியத் தவளை ஒன்றின் தோலிலிருந்து திருவனந்தபுரத்துக்காரர்களும் அமெரிக்காக்காரர்களும் சேர்ந்து ஒரு பெப்டைடு எடுத்தார்கள், 2017-இல். எச்1 வகை ஃப்ளூ வைரஸை உடைக்கிறது, எலிகள் பிழைத்தன. சாட்டை மாதிரி வளைகிற உறுமி வாளை நினைத்து 'உறுமின்' என்று பேர் வைத்தார்கள். அதுவும் மருந்தாக இன்னும் கடைக்கு வரவில்லை.

எங்கள் குளியலறைத் தொட்டிக்குப் பின்னால் மழைக்கு ஒரு தவளை ஒதுங்கியிருக்கிறது. விளக்குமாறால் தள்ளு என்று அம்மா மூணு நாளாகச் சொல்கிறாள். நான் தள்ளவில்லை.

தீபாவளிக்கு வா. செங்கோட்டை வழியாகத்தானே வருவாய், புரோட்டா வாங்காமல் வராதே.

உன்,
முத்து