குடியிருப்போர் நலச் சங்கம்: 2025–26ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவிற்கு வருகை தந்துள்ள சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, குடிநீர் தொடர்பாக மாநகராட்சிக்கு அளித்த மனுக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தீர்வு கிடைத்தது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். செயற்குழுவின் நேரத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்டது தெருநாய்கள் பற்றிய விவாதமே என்பதால் அதையே விரிவாகப் பதிவு செய்கிறேன்.

நமது பகுதி நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்விக்க, மாநகராட்சியின் பணிக்குத் துணையாகச் சங்க நிதியிலிருந்து ஒரு தொகை ஒதுக்கலாம் என்ற தீர்மானம் முன்வைக்கப்பட்டது. மழைநீர் வடிகால் இணைக்கப்படாமல் கிடக்க, காவலாளியின் ஊதிய உயர்வு நிலுவையில் இருக்க, நாய்க்குச் செலவிடுவது முறையா என்று பலர் கேட்டனர். இக்கேள்வியில் நியாயம் உண்டு. மறுபக்கம் மனுநீதிச் சோழனைத் துணைக்கு அழைத்தவர்களும் இருந்தனர். நிதி ஒதுக்கீட்டுக்கு அவர் அதிகம் உதவவில்லை.

விவாதம் திசை மாறியது, கடிபட்டவர்கள் யார் யார் என்று விசாரித்த பிறகுதான். விடியற்காலையில் பால் பாக்கெட் போடுபவர், குப்பை வண்டி தள்ளிவரும் தூய்மைப் பணியாளர், பள்ளிக்கு நடந்து செல்லும் பிள்ளைகள் ஆகியோரே அவர்கள்; காரில் செல்வோர் ஒருவரும் இல்லை. கடிபட்ட நாளிலும், அதன்பின் 3, 7, 28ஆம் நாட்களிலும் ஊசி போட அரசு மருத்துவமனைக்குச் செல்லும் தினக்கூலிப் பணியாளர் ஒவ்வொரு முறையும் கூலியை இழக்கிறார். மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 விழுக்காடு வரை நாய்களால் பரவுவது என்றும், நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் பரவல் அறுபடும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே இச்செலவை மனிதர் கணக்கில் எழுதுவதா, நாய்க் கணக்கில் எழுதுவதா என்ற வழக்கே அடிபட்டுப்போனது.

எல்லா நாய்களையும் பிடித்து எங்காவது விட்டுவிடலாம் என்ற யோசனையையும் செயற்குழு ஏற்கவில்லை. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. தில்லி நாய்களைக் காப்பகத்தில் அடைக்குமாறு 2025 ஆகஸ்ட் 11 அன்று ஆணையிட்ட உச்ச நீதிமன்றமும், ஆகஸ்ட் 22 அன்று அதைத் திருத்தி, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக மற்றவற்றைப் பழைய இடத்திலேயே விடலாம் என்றது. மேலும், இறைச்சிக் கழிவு தெருமுனையில் கொட்டப்படும் வரை, ஒரு கூட்டம் போனால் வேறொரு கூட்டம் வரும்.

தீர்மானம் நிறைவேறியது; கருத்தடை செய்ததற்கு அடையாளமாகக் காது நுனி வெட்டிய நாய்களை இப்போது நம் தெருக்களில் காணலாம். ஆனால் வண்டியில் அடிபட்ட விலங்குகளின் சிகிச்சைக்குச் சிறு நிதி வைக்கும் துணைத் தீர்மானம் வாக்கெடுப்பில் தோற்றது. அதில் நமக்கு ஆதாயம் ஏதும் இல்லை என்பதே காரணம் எனக் கருதுகிறேன். உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமக்களின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவு கூறும்போது, ஆதாயம் உள்ள இடத்தில் மட்டும் அதைக் காட்டுவது போதாது என்பதால் நான் ஆதரித்து வாக்களித்தேன்.

நாய்களுக்கு உணவிடும் இடத்தைப் பிள்ளைகள் விளையாடும் பகுதியிலிருந்து விலக்கி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம் மாற்றுவது குறித்து இரு தெருவினரிடையே உடன்பாடு எட்டப்படவில்லை. அது இன்றைய நிகழ்ச்சி நிரலில் நான்காவதாக உள்ளது.

இங்ஙனம்,
செயலாளர்