மா விவசாயிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், அழகர்மலை அடிவாரத்துத் தோப்புகளிலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. ஐப்பசியில் மட்டும் மழையால் ஆள் சேரவில்லை. கொட்டகைக்கு ஓடு மாற்றியாயிற்று. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மற்றபடி இந்த வருஷம் முழுக்க, மரக்கிளையில் ஒட்டி வளரும் புல்லுருவிச் செடியோடுதான் போயிற்று.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். தோப்புகளில் புல்லுருவியை ஒழிப்பது, அதைப் பரப்பும் தேன்சிட்டுகளை விரட்டுவது. எழுதியவன் நான்தான். அதில் பின்பாதி தப்பு. கவட்டையும் கையுமாகத் திரிந்த பையன்களுக்கு நாமே சாக்கு எடுத்துக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது.

நம் உறுப்பினர் ஒருவரின் மகள் விலங்கியல் படிக்கிறார். அரிட்டாபட்டி 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆனதிலிருந்து இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கையில் பைனாகுலர் வந்துவிட்டது. தை மாதம் ஒரு காலையில் அவர் என்னையும் தலைவரையும் கல்லாமை ரக மாமரம் ஒன்றின் அடியில் உட்கார வைத்தார். முக்கால் மணி நேரம் பேசக்கூடாது என்று உத்தரவு. தலைவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

ஊதாத் தேன்சிட்டு, ஆண். வெயில் பட்டால் கருநீலம், படாவிட்டால் கறுப்பு. வந்த வேகத்தில் புல்லுருவிக் கொத்தில் தொற்றிக்கொண்டது. அந்தப் பூவை நம்மில் எத்தனை பேர் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறோம்? விரல் நீளத்துக்கு வளைந்த குழல், ஆரஞ்சு நிறம், நுனியில் பச்சை. முற்றிய மொக்கில் சிட்டு அலகை வைத்ததும் நுனி பிளந்து இதழ்கள் பின்னால் சுருண்டன. தலையை எடுத்தபோது நெற்றியில் மகரந்தத் தூள். அடுத்த கொத்து, அதற்கடுத்த கொத்து. நம் மாம்பூவை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மாம்பூவுக்கு ஈயும் தேனீயும்தான் ஆள்.

அப்படியானால் விதையைப் பரப்புவது யார்? பூக்கொத்தி. கட்டைவிரலைவிடக் கொஞ்சமே பெரிய, சாம்பல் பூசினாற்போல ஒரு குருவி. அதுவும் இந்தப் பூவில் தேன் குடிக்கும். ஆனால் பழுத்ததும் பழத்தை விழுங்குவது அதுதான். விதையைச் சுற்றிப் பசை இருக்கும். சில நிமிஷத்தில் வெளியே வந்துவிடும். பின்பக்கம் ஒட்டிக்கொண்ட விதையைக் குருவி கிளையில் தேய்த்துவிட்டுப் போகும், அங்கேயே முளைக்கும். பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலி 1931-லேயே கொங்கண் பக்கம் பார்த்து எழுதியதாம் இது. பூவுக்குத் தேன்சிட்டு, பழத்துக்குப் பூக்கொத்தி. நமக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது, சரி.

இதனால் புல்லுருவி நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பச்சை இலை இருப்பதால் சோறு தானே ஆக்கிக்கொள்ளும். ஆனால் தண்ணீரும் சத்தும் நம் மரத்துடையது. சித்திரை வெயிலில் மா வாடி நிற்கும்போதும் அது தளதளவென்று நிற்கும். பிடித்த இடம் முண்டாக வீங்கி, அதற்கு மேலே உள்ள கிளை காய்ப்பு குறைந்து பட்டுப்போகும். மருந்துக் கடை ஒன்றில் கொடுத்ததை நம்பி என் தோப்பில் அடித்தேன். மாவிலை கருகியது, புல்லுருவி துளிர்த்தது. செடியை மட்டும் பிடுங்கினாலும் பயனில்லை. பட்டைமேல் வேர் ஓடி ஆங்காங்கே உறிஞ்சியை இறக்கியிருக்கும். ஒட்டிய இடத்துக்கு ஓரடி கீழே கிளையோடு அறுத்தால்தான் தீரும்.

அறுப்பது எப்போது என்பதில்தான் ஆறு கூட்டம் சண்டை போட்டோம். பழுக்கும் முன் அறுக்க வேண்டும். அந்த நேரம் மா பிஞ்சு பிடித்திருக்கும். குத்தகைக்காரர் ஒரு கிளையைத் தொட விடமாட்டார். காசு கொடுத்தவர், அவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆடிக் கவாத்து வரை விட்டாலோ பூக்கொத்தி வேலையை முடித்திருக்கும்.

கடைசியில் வழி காட்டியது நாம் விரட்டச் சொன்ன தேன்சிட்டேதான். மாவிலைக்குள் புல்லுருவி இலையைப் பிரித்துக் கண்டுபிடிப்பது லேசில்லை. ஆனால் தையில் சிட்டு எந்தக் கிளைக்குத் திரும்பத் திரும்பப் போகிறதோ, அங்கே பூத்திருக்கிறது என்று அர்த்தம். அந்த மரத்தடியில் சுண்ணாம்புக் கோடு. பூ உதிரும் சமயம், காயாகும் முன்னே, துரட்டியால் கொத்தை மட்டும் அறுத்துவிடுவது. மாம்பிஞ்சுக்குச் சேதமில்லை, குத்தகைக்காரரும் வாயைத் திறக்கவில்லை. ஆடியில் கோடு போட்ட மரத்தில் ஏறிக் கிளையை அறுப்பது. எட்டுத் தோப்பில் செய்திருக்கிறோம். ஒரு வருஷத்தில் ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லப்போவதில்லை. பக்கத்தில் பராமரிப்பில்லாத தோப்பு இருக்கும்வரை விதை வந்துகொண்டேதான் இருக்கும்.

வாய்க்கால் கரை வேம்பில் இருக்கும் புல்லுருவியை விட்டுவைக்கலாம், சிட்டுகளுக்கு ஆகும் என்றார் அந்தப் பெண். தலைவர் கூடாது என்கிறார். எனக்கு விட்டுவைக்கத்தான் ஆசை, ஆனால் வேம்புக்குப் பக்கத்துத் தோப்பு என்னுடையது இல்லை. இன்று ஓட்டுக்கு விடுகிறோம். பழைய தீர்மானத்தின் பின்பாதியை நீக்கும் தீர்மானமும் இருக்கிறது, அதை நானே முன்மொழிகிறேன்.

அப்புறம், சங்கத்தின் நீளத் துரட்டி இரண்டில் ஒன்று ஆவணியிலிருந்து காணோம். கொண்டுபோனவர் யாரென்று எனக்குத் தெரியும். தைக்குள் கொட்டகையில் வைத்துவிட்டால் பேரைச் சொல்ல மாட்டேன்.

செயலாளர்