மாலை 7.30 மணித் தொடரின் நேரத்தை மாற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற தலைமையாசிரியை மற்றும் எங்கள் தெருவைச் சேர்ந்த பெண்கள் 23 பேர்,
பள்ளத்தூர், காரைக்குடி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சிவகங்கை.

பொருள்: பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய தொலைக்காட்சித் தொடரில் ஆபாசக் காட்சிகளும் இரட்டை அர்த்த வசனங்களும் இடம்பெறுவது – ஒளிபரப்பு நேரத்தை மாற்றவும் மாவட்டக் கண்காணிப்புக் குழுவைக் கூட்டவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் 34 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவள். பரீட்சை என்ற சொல்லை எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. சென்ற மாதம் எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தியிடம், "பரீட்சைக்குப் படிக்கிறாயா?" என்று கேட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது. பக்கத்தில் நின்ற சிறுவர்கள் இருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு பேத்திதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அப்பத்தா, அது சீரியலில் வருகிற வசனம்."

தனியார் தொலைக்காட்சி ஒன்றில் திங்கள் முதல் சனி வரை மாலை 7.30 மணிக்கு வரும் தொடர் அது. கிராமத்துப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளின் கதை. தொடக்கத்தில் நானும் விரும்பித்தான் பார்த்தேன். கணக்கென்றால் காய்ச்சல் வரும் பையன், குடிகாரத் தகப்பனிடமிருந்து புத்தகத்தை ஒளித்து வைக்கும் பெண் என்று, என் வகுப்பறையிலிருந்தே ஆட்களை எடுத்ததுபோல இருந்தது. பிறகு, பார்ப்பவர் தொகை குறைந்ததோ என்னவோ, ஊர்ப் பெரிய வீட்டு மகன் என்று முப்பது வயதுக்காரன் ஒருவனைக் கதைக்குள் கொண்டுவந்தார்கள். அவன் அந்தப் பெண்ணைப் பள்ளி வாசலில் நிறுத்தி, "பப்ளிக் பரீட்சை முடியட்டும், மாமா உனக்குத் தனிப் பரீட்சை வைக்கிறேன்" என்கிறான். பின்னணியில் சிரிப்பொலி. இது வில்லனின் வசனம் அல்ல, கதாநாயகன் பேசுவது. அடுத்த வாரமே அவள் சீருடையோடு மழையில் நனையும் கனவுப் பாட்டு. அந்தப் பாட்டில் காமிரா போகும் இடங்களை ஒரு மனுவில் எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த வேடத்தில் நடிப்பவர் வயது வந்தவராக இருக்கலாம். பார்க்கிற பிள்ளைக்குத் தெரிவதோ, தான் காலையில் போட்டுக்கொண்டு போன அதே சீருடை.

எங்கள் வீடு பழைய வளவு வீடு. மாலையில் இரண்டாம் கட்டு முற்றத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி ஓலைக் கொட்டான் பின்னுவார்கள். தரை ஆத்தங்குடிக் கல், குளிர்ச்சியாக இருக்கும். பிள்ளைகள் அதில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள். தொலைக்காட்சி ஒரு பக்கம் ஓடும். அந்தப் பாட்டு வந்த அன்று பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். ஒருவரும் ரிமோட்டை எடுக்கவில்லை. எடுத்தால், "ஏன் மாற்றினீர்கள்?" என்று பிள்ளைகள் கேட்பார்களே என்ற கூச்சம்.

பிடிக்காவிட்டால் அணைத்துவிட வேண்டியதுதானே என்று என் மருமகளே கேட்டாள். மறுநாளே அணைத்துவிட்டோம். ஆனால் பஸ் நிறுத்தத்தில் நடப்பதை எந்த ரிமோட்டைக் கொண்டு அணைப்பது? காலையில் காரைக்குடிக்குப் படிக்கப் போகும் பெண் பிள்ளைகளைப் பார்த்து, மீசை நரைத்த ஆட்கள்கூட, "என்ன, பரீட்சை எப்போது?" என்கிறார்கள். கேட்டவரைக் கண்டித்தால், "படிப்பைப் பற்றித்தானே கேட்டேன்" என்கிறார். நான் முதலில் சொன்ன பெண் இப்போது அந்த பஸ்ஸில் போவதில்லை. ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி, பூட்டிய பள்ளி வாசலில் காத்திருக்கிறாள்.

18 வயது நிறையாதவர் எவரும் குழந்தைதான் என்கிறது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம், 2012. பாலியல் நோக்கத்தோடு குழந்தையிடம் ஒரு சொல் சொல்வதே அதன் 11ஆம் பிரிவின்படி குற்றம். 12ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. தொடரின் நாயகன் செய்வது இதைத்தான். அதைத் தொடர் காதல் என்று காட்டுகிறது.

விடலைப் பருவத்துக் கதையே கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. பெரியவளான பெண்ணின் பயத்தை, முதல் ஈர்ப்பின் தடுமாற்றத்தை, எல்லை மீறுகிற பெரியவர்களை எப்படி அடையாளம் காண்பது என்பதை எல்லாம் கதையாகச் சொன்னால் பெற்றோரின் பாதி வேலை குறையும். அதைச் சொல்லுகிற கண் வேறு, இந்தக் காமிராவின் கண் வேறு.

இதே தொடர் அந்த நிறுவனத்தின் கைப்பேசிச் செயலியிலும் கிடைக்கிறது. அங்கே 'யு/ஏ 16+' என்று குறி போட்டிருக்கிறார்கள். இணையத் தளங்களுக்கு 2021ஆம் ஆண்டு வந்த விதிகள் அப்படி வகைப்படுத்தச் சொல்வதால் போட்டிருக்கிறார்கள். அதாவது, 16 வயதுக்குட்பட்டவர்கள் இதைத் தனியாகப் பார்க்கத் தகாது என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் தொலைக்காட்சியில் ஒரு குறியும் இல்லாமல் 7.30 மணிக்குப் போடுகிறார்கள். திரைப்படமாக இருந்தால் தணிக்கைச் சான்றிதழ் வாங்க வேண்டும். தொடர்களுக்கு அந்த முன்தணிக்கையும் கிடையாது.

கேபிள் தொலைக்காட்சிக்கான 2021ஆம் ஆண்டுத் திருத்த விதிகளின்படி முதலில் தொலைக்காட்சி நிறுவனத்துக்குத்தான் புகார் அனுப்பினேன். 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. 15 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், அது வரவில்லை. அடுத்த கட்டமான, தொலைக்காட்சி நிறுவனங்களின் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கும் மேல்முறையீடு அனுப்பியிருக்கிறேன். அது முடிவதற்குள் இந்தக் கல்வியாண்டே முடிந்துவிடும் என்பதால்தான் தங்களிடம் வந்திருக்கிறோம்.

கேபிள் தொலைக்காட்சி விதிகள், 1994இன் 6ஆவது விதி கண்ணியத்துக்குப் புறம்பானவற்றையும், பெண்களையும் குழந்தைகளையும் இழிவுபடுத்துபவற்றையும் தடுக்கிறது. குழந்தைகளுக்கு ஒவ்வாத நிகழ்ச்சிகளை அவர்கள் மிகுதியாகப் பார்க்கும் நேரத்தில் ஒளிபரப்பக் கூடாது என்று அதன் 5ஆம் உட்பிரிவு சொல்கிறது. இந்த நெறிகளை மீறும் நிகழ்ச்சியைக் கேபிள் வழியே அனுப்பத் தடை விதிக்கும் அதிகாரத்தை 1995ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின் 19ஆம் பிரிவு மாவட்ட ஆட்சியருக்கே தருகிறது.

ஆகவே, தங்கள் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழுவைக் கூட்டி, இத்துடன் தேதியோடு குறித்துக் கொடுத்திருக்கும் 9 பகுதிகளைப் பார்வையிட வேண்டுகிறோம். மகளிர் கல்லூரி முதல்வரும் குழந்தைகள் நலனுக்காக உழைப்பவர்களும் இடம்பெறும் குழு அது. நாங்கள் எழுதக் கூசியதை அவர்கள் பார்த்தாலே போதும். மீறல் உண்டு என்று குழு கண்டால், தொடரை இரவு 10 மணிக்குப் பிறகு வயதுக் குறியோடு ஒளிபரப்பும்படி நிறுவனத்துக்குத் தாங்கள் எழுத வேண்டும். அதற்கு இணங்காவிட்டால் 19ஆம் பிரிவின்படி நடவடிக்கை எடுக்க வேண்டும். கேபிள் வழித் தடை எட்டாத, டிஷ் இணைப்பு உள்ள வீடுகளுக்காக, குழுவின் அறிக்கையை மாநில அரசு வழியாகத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு அனுப்பவும் வேண்டுகிறோம்.

இன்னொரு வேண்டுகோள் சிறியது, நாளையே செய்யக்கூடியது. காலை 7 மணி முதல் 9 மணி வரை எங்கள் பஸ் நிறுத்தத்தில் பெண் காவலர் ஒருவரை நிறுத்தி, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கண்ணில் படும்படி பலகையில் எழுதி வைக்க உத்தரவிட வேண்டும். பலகைக்கு ஆகும் செலவை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: கையொப்பப் பட்டியல், தொடரின் 9 பகுதிகள் பற்றிய தேதிவாரிக் குறிப்பு, நிறுவனத்துக்கு அனுப்பிய புகாரின் நகல்.