பிளவு கரையோடு நின்றுவிடவில்லை, ஐயா

மியான்மரின் மொட்டமா வளைகுடாவில் கடலடி ஆய்வு பற்றி முடிவெடுக்கும் அதிகாரிகளுக்கும் விஞ்ஞானிகளுக்கும்,

வணக்கம். பெகுவிலிருந்து எழுதுகிறேன். போன வாரம் எங்கள் ஊர்க் கூட்டத்தில் நிலநடுக்கமானிகள் எங்கெங்கே வரப்போகின்றன என்று வரைபடம் காட்டினீர்கள். நாட்டை வடக்கிலிருந்து தெற்காகக் கிழித்துப் போகும் சகாய்ங் நிலப்பிளவைச் சிவப்புக் கோடாகப் போட்டிருந்தீர்கள், கடற்கரை வந்ததும் கோடு நின்றுவிட்டது. அந்தமான் கடல்வரை போகிற பிளவாயிற்றே என்று எழுந்து கேட்டேன். "கடலை அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு ஒருவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்த அப்புறம் எப்போது?

2025 மார்ச் 28 அன்று வந்த பெரிய நிலநடுக்கம் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு இரவு நடந்ததை மட்டும் சொல்கிறேன். அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர், சிட்டாங் ஆறு கடலில் சேரும் பக்கம். இருட்டும் நேரத்தில் "கடல் உள்வாங்கிவிட்டது" என்று யாரோ கத்தியிருக்கிறார்கள். அந்தக் கரையில் வற்றத்தின்போது தினமுமே தண்ணீர் வெகுதூரம் போய்விடும், கண்ணுக்கு எட்டியவரை சேறுதான். ஆனால் மத்தியானம் பூமி அப்படி ஆடிய பிறகு, இது தினம் போகிற தண்ணீரா, வேறா என்று யாரால் சொல்ல முடியும்? இரண்டு வருடமாகப் படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைக் கட்டிலோடு தூக்கி மாட்டுவண்டியில் ஏற்றி, மேட்டு நிலத்தில் பனியில் கிடந்தார்கள். விடிந்தபோது தண்ணீர் வழக்கம்போலத் திரும்பியிருந்தது. அந்த அம்மாவுக்குச் சளி நெஞ்சில் கட்டிக்கொண்டு, தேற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. "தண்ணி வருமா வராதான்னு யாரைத் தம்பி கேக்குறது?" என்று அக்கா போனில் அழுதாள். என்னிடம் பதில் இல்லை. உங்கள் வரைபடத்திலும் இல்லை, கடலுக்குள் ஒரு புள்ளிகூட வைக்காத வரைபடம் அது.

பக்கவாட்டில் நழுவும் பிளவு பெரிய அலையை எழுப்பாது என்றீர்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் 2018 செப்டம்பரில் இந்தோனேசியாவின் பாலுவில் நழுவியதும் அதே வகைப் பிளவுதானே? 7.5 அளவு. நீருக்கடியில் மண்ணும் சரிந்து, சில நிமிடங்களில் அலை கரையில் ஏறிவிட்டது. எங்கள் வளைகுடாவில் ஐராவதி, சால்வீன், சிட்டாங் மூன்றும் கொண்டுவந்து கொட்டிய சேறு கிடக்கிறது. எது எங்கே தளர்ந்து நிற்கிறது என்று பார்க்க வேண்டாமா? கப்பலைக் கொண்டுவந்து கடலடியை அளந்து, கருவி வையுங்கள். கேட்பது இது ஒன்றுதான்.

கண்ணை மூடிக்கொண்டு கருவியைக் கடலில் போட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஒலியை அனுப்பி, எதிரொலியை வைத்துத் தரையை அளந்து, புதையாத, சரியாத சமதளம் தேட வேண்டும். ஆழம் குறைந்த இடமென்றால் இழுவலை கருவியையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விடும். எந்தப் பருவத்தில் எங்கே வலை இழுப்பார்கள், எங்கே நங்கூரம் சேற்றில் மாட்டும் என்பதெல்லாம் எங்கள் மீனவர்களுக்கு அத்துப்படி. கப்பல் கிளம்பும் முன்பே அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள்.

எங்களுக்கு எப்போதுமே அப்புறம்தான். 1930 மே 5 அன்று பெகு குலுங்கி ஷ்வேமாடோ பகோடாவே சரிந்தது, ஊரில் சுமார் 500 பேர் போனார்கள். ரங்கூனுக்குப் போயிருந்ததால் என் கொள்ளுத்தாத்தா தப்பினார். அதே ஆண்டு டிசம்பரில் பியூ என்ற ஊர் குலுங்கியது. ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் நழுவ வேண்டிய பிளவு, பூட்டிக்கொண்டு கிடக்கும் இடங்களில் அதையெல்லாம் சேர்த்து வைக்கிறது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். 1930-லிருந்து கணக்குப் போட்டால் வயிறு கலங்குகிறது. போன நடுக்கத்தில் விரிந்த எங்கள் தெருப் பள்ளிக்கூடச் சுவரை இன்னும் பூசவில்லை, பிள்ளைகள் அதன் கீழேதான் உட்காருகிறார்கள், எழுதிப் போட்ட மனுவுக்குப் பதிலும் இல்லை. சரி, அதைத் தனியாக எழுதுகிறேன்.

2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பான் 150 கடலடி நிலையங்களைக் கேபிளால் இணைத்தது. அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை. பத்துக் கருவி போதும். ஓராண்டு அடியில் கிடந்து பதிவு செய்து, கப்பலிலிருந்து ஒலிக்குறி கொடுத்தால் எடையைக் கழற்றிவிட்டு மேலே மிதந்து வருமே, அந்த வகை. அது அன்றன்றைக்கு எச்சரிக்காதுதான். ஆனால் பிளவு கடலுக்குள் எப்படிப் போகிறது, நிரந்தரக் கருவியை எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மழை முடிந்து கடல் அடங்கியதும் கப்பலை அனுப்புங்கள், கடலடியை அளந்து கருவி வையுங்கள். எந்த மாதம் என்று மட்டும் தயவுசெய்து எழுதுங்கள். அக்காவிடம் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
பெகுவிலிருந்து ஒரு தமிழன்